தேய்மானம் போக

நாகப்பட்டினம்
12 ஆகஸ்ட் 2024

தம்பி வெற்றிசெல்வனுக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் மாமாவும் பிள்ளை யுவனும் சுகம். மூவரில் இருவருக்குக் குரல் இருக்கிறது, எனக்கு இல்லை. அது ஒன்றுதான் குறை. நீயும் பிரதீபாவும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு உடம்பு தேறிவிட்டதா?

தொண்டையில் இருந்த முடிச்சை எடுத்த டாக்டர் முதலில் ஒரு சத்தமும் வரக்கூடாது என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது, பேசலாம், ஆனால் கத்தக் கூடாது என்கிறார். மீன் ஏலம் போடுகிறவளிடம் சொல்கிற பேச்சா இது? கரையில் அலை இரைச்சல், இன்ஜின் சத்தம், வியாபாரிகள் கூச்சல், எல்லாவற்றுக்கும் மேலே என் குரல் போக வேண்டும். இத்தனை வருடம் போனது. இப்போது வாயைத் திறந்தால் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம்தான் வருகிறது.

போனில் பேசலாமே என்பாய். நீ போனை எடுத்தால்தானே? எடுத்தாலும் "சைட்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸப் யுவன் போனில்தான் இருக்கிறது. அது அவனோடு கடலுக்குப் போகிறது. திரும்பி வந்தால் எல்லாவற்றையும் படித்துவிட்டுச் சிரிக்கிறான். அதனால்தான் தபால்.

ஜூலையில் ஆபரேஷனுக்காகத் தஞ்சாவூர் வந்து உன் வீட்டில் தங்கினேனே, அப்போது பிரதீபாவைக் காணவில்லை. "அம்மாவப் பாக்க நீடாமங்கலம் போயிருக்கா" என்றாய். வாயைத் திறக்க முடியாத நேரம், மேலே கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். வந்துவிட்டாளா? மார்ச் மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தது. பிறந்த குழந்தையும் தங்காமல், கர்ப்பப்பையையும் எடுத்து, அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அது என் கண்ணிலேயே நிற்கிறது. அவளையே எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா
நாகம்மாள்


தஞ்சாவூர்
29 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். மாமாவையும் யுவனையும் விசாரித்ததாகச் சொல்.

எனக்கு வேலை அதிகம். இன்சூரன்ஸ் சர்வேயர் பிழைப்பு உனக்குத் தெரியாததல்ல. வண்டி மோதினாலும் மில் எரிந்தாலும் கம்பெனி எங்களைத்தான் அனுப்புகிறது. போய்ப் பார்த்து, எவ்வளவு சேதம் என்று எழுத வேண்டும். போன வாரம் கீழ்வேளூர் பக்கம் ஓர் அரிசி மில்லில் மோட்டார் எரிந்துவிட்டது. பழைய மோட்டார். தேய்மானம் போக மிச்சத்தைத்தான் எழுத முடியும். மில்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு சார், அதுல என்னத்தக் கழிக்கிறீங்க?" என்று வாசல் வரை வந்து சண்டை. எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். நேற்று வரை ஓடியது என்பதை ரிப்போர்ட்டில் எங்கே எழுதுவது?

அங்கிருந்து வரும்போது லாரி கேஸ் ஒன்று. பகுதி இழப்பா, முழு இழப்பா என்று பார்க்கவே ஒரு நாள் போய்விட்டது.

டாக்டர் சொன்னதைக் கேள். மருந்து தீர்ந்தால் சொல், வாங்கி அனுப்புகிறேன்.

உன் தம்பி
வெற்றிசெல்வன்


நாகப்பட்டினம்
9 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் மாமாவுக்குக் கொஞ்சம் சளி.

கடிதம் வந்தது. மில் மோட்டாரின் நலம் தெரிந்துகொண்டேன். லாரியின் நலமும் தெரிந்துகொண்டேன். "எல்லாரும் நலம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் யார் அந்த எல்லாரும்? பிரதீபா வந்தாளா என்று கேட்டதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தெரியாத கேள்வியை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாய். பரீட்சையில் அது செல்லும், என்னிடம் செல்லாது.

இங்கே என் கதையையும் கேள். போன வாரம் ஏலத்துக்குப் போனேன். இரண்டு கூடை வஞ்சிரம், நல்ல மீன். விலையைச் சொன்னேன். முன்வரிசையில் நின்றவர்களுக்கே கேட்கவில்லை. "என்னாது? என்னாது?" என்கிறார்கள். நாகூர் வியாபாரி உபைதுல்லா நல்ல மனுஷன்தான். அவரே பக்கத்தில் இருந்தவரிடம், "அக்கா முன்ன மாதிரி இல்லப்பா, இறங்கிப்போச்சு" என்றார். எனக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது. விலைதான் இறங்கும், நாளெல்லாம் நானே கூவுகிற வார்த்தை அது. என்னைப் பற்றி அதைக் கேட்டபோது கூடையைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று வந்தது. திட்டக்கூடக் குரல் இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது போகட்டும். தீபாவளிக்கு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். இரண்டு பேரும். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்.

நாகம்மாள்


தஞ்சாவூர்
14 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மாமாவுக்குச் சளி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தீபாவளிக்கு வர முடியாது. மழைக்காலம் தொடங்கினால் தண்ணீரில் மூழ்கிய வண்டிகள் வரிசையாக வரும். உனக்குப் புடவை எடுத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். யுவனுக்குச் சட்டையும் அதிலேயே இருக்கிறது.

ஏலத்தைப் பற்றி எழுதியிருந்தாய். கோபப்படாமல் யோசித்துப் பார். இத்தனை வருடம் உழைத்த தொண்டை. எதற்கும் தேய்மானம் உண்டு, அது இயற்கை. அதை ஒத்துக்கொண்டால் மனக்கஷ்டம் இல்லை. ஏலத்தை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு நீ ஓய்வாக இருக்கலாம்.

இங்கே ஒன்றும் விசேஷம் இல்லை.

உன் தம்பி
வெற்றிசெல்வன்


நாகப்பட்டினம்
21 அக்டோபர் 2024

வெற்றி,

சுகம் விசாரித்துத் தொடங்குகிற பொறுமை இன்று எனக்கு இல்லை.

எனக்குத் தேய்மானமா? என்னையும் மோட்டார் பக்கத்தில் நிறுத்தி எழுதிவிட்டாயா? உபைதுல்லா வெளியாள், வாய் தவறிச் சொன்னார். நீ உட்கார்ந்து, யோசித்து, பேனா பிடித்து எழுதியிருக்கிறாய். கடிதத்தை உன் மாமாவிடம் காட்டினேன். "அவன் நல்லதுக்குத்தான் சொல்றான்" என்றார். அவருக்கும் அன்று சோறு தாமதமாகத்தான் கிடைத்தது.

புடவை வந்தது. பச்சையில் மஞ்சள் பூ. வெற்றி, உனக்குக் கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் புடவை எடுப்பது பிரதீபாதான். பச்சை எனக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். இது கடைக்காரர் எடுத்துக் கொடுத்த புடவை. ஆக, ஜூலையில் போனவள் தீபாவளி நெருங்கியும் திரும்பவில்லை. அதை எனக்கு நீ சொல்லவில்லை, இந்தப் புடவை சொல்கிறது.

என்ன நடந்தது? சண்டையா? நீ சொல்ல மாட்டாய். தீபாவளி கழிந்ததும் காலை பாசஞ்சரில் நீடாமங்கலம் போகிறேன். அவளிடமே கேட்டுக்கொள்கிறேன். தடுக்க நினைத்தால் கடிதம் எழுதாதே. நீ எழுதி முடிப்பதற்குள் நான் போய்த் திரும்பிவிடுவேன்.

அக்கா


நாகப்பட்டினம்
6 நவம்பர் 2024

தம்பிக்கு,

வீட்டில் எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் மூன்று பேரும்.

நீடாமங்கலம் போய்விட்டு வந்தேன். உன் மாமியார் கதவைத் திறந்ததுமே பயந்துவிட்டார். நாத்தனார் பஞ்சாயத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் போனேன். "எடுடி பெட்டிய, கிளம்பு" என்று சொல்லத் தயாராக இருந்தேன். ஆனால் ரயிலில் சீட்டுக்காக ஒருவனோடு சண்டை போட்டதில் இருந்த கொஞ்சக் குரலும் போய்விட்டது. காற்றுதான் வந்தது. அதனால் உட்கார்ந்து கேட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் நான் குறுக்கே பேசாமல் இருந்ததில்லை.

பிரதீபா அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அது உனக்குத் தெரியுமா? மதியம் வந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், "வாங்க அண்ணி, தொண்டை எப்படி இருக்கு?" என்றாள். நீ கடிதத்தில் கேட்காததை அவள் வாசலிலேயே கேட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ படிக்க வேண்டும்.

"ஆஸ்பத்திரில மயக்கம் தெளிஞ்சு படுத்திருந்தேன் அண்ணி. அவங்க கூட வேலை பாக்குற ராம்கி வந்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நின்னு, 'என்னாச்சு வெற்றி?'ன்னு கேட்டார். 'குழந்தையும் இல்ல, இனிமேலும் இல்ல. டோட்டல் லாஸ், ராம்கி'ன்னு சொன்னாங்க. திரைக்கு இந்தப் பக்கம் நான்."

"அதுக்கா வந்துட்டே?" என்று கையால் கேட்டேன்.

"இல்ல அண்ணி. அப்ப அது எனக்குப் பெருசா படல. எல்லாரும் சொல்ற இங்கிலீஷ் வார்த்தைதானேன்னு விட்டுட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு நாள் சாயங்காலம் ரிப்போர்ட் அடிச்சிட்டிருந்தாங்க. கம்ப்யூட்டர்ல அதே வார்த்தை. 'டோட்டல் லாஸ்னா என்னங்க?'ன்னு கேட்டேன். ஏன் கேக்குறேன்னு புரிஞ்சிடும்னு நெனச்சேன்."

"புரிஞ்சுதா?"

"விளக்குனாங்க. காபி குடிச்சிக்கிட்டே விளக்குனாங்க. வண்டிய சரிபண்ற செலவு வண்டியோட மதிப்பவிட ஜாஸ்தியாயிட்டா, அத சரிபண்ண மாட்டாங்களாம். அதோட கதைய முடிச்சு இரும்புக் கடைக்கு அனுப்பிடுவாங்களாம். 'சொந்தக்காரருக்கு அந்த வண்டி மேல ஆசை இருந்தா?'ன்னு கேட்டேன். 'ஆசைக்கெல்லாம் பாலிசில இடமில்லம்மா'ன்னு சிரிச்சாங்க. மறுநாள் அவங்க சைட்டுக்குப் போனதும் நான் பஸ் ஏறிட்டேன்."

நீ அதன்பிறகு அடிக்கடி போன் செய்தாயாம். "எப்ப வர்றே?" என்று மட்டும் கேட்டாயாம். ஏன் போனாய் என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லையாம்.

அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன் என்று உன் மாமியாருக்குத் தெரியும். அந்த அம்மா எழுந்து துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். இருக்கிற காற்றையெல்லாம் சேர்த்துப் பிரதீபாவிடம் சொன்னேன்: "வராதே. அவன் வந்து ஏன்னு கேக்குற வரைக்கும் வராதே."

ஆமாம், நான்தான் சொன்னேன். உன் கூடப்பிறந்தவள்தான் சொன்னேன். கோபப்படுவதென்றால் என் மேல் கோபப்படு.

அக்கா
நாகம்மாள்


தஞ்சாவூர்
2 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

நலம்.

உன் கடிதத்தை மூன்று தடவை கிழிக்கப் போனேன். நீ எனக்கு அக்காவா, அவளுக்கு அக்காவா? வரவிருந்தவளை வராதே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். இதை வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா?

நான் அவளைச் சொல்லவில்லை. இதை எத்தனை பேருக்கு விளக்குவது? ராம்கி கேட்டான், எனக்கு நின்ற இடம் தெரியவில்லை. அன்று காலையிலிருந்து நர்சுகள் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். என் நிலைமையைத்தான் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை. தினமும் எழுதுகிற வார்த்தை, வாயில் அதுதான் இருந்தது. மீன்காரிக்கு மீன் பேச்சு வருவதில்லையா?

அப்புறம் அந்தக் காபி விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. சோறு போடுவாள், போய்ப் படுத்துக்கொள்வாள். அன்று சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் வேலையைப் பற்றிக் கேட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பேச ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். அதனால்தான் அவ்வளவு விளக்கினேன். அதனால்தான் சிரித்தேன். அது குற்றமா?

இனிமேல் இதில் நீ தலையிட வேண்டாம். உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

வெற்றிசெல்வன்


நாகப்பட்டினம்
11 டிசம்பர் 2024

தம்பிக்கு,

நாங்கள் நலம். மழை விடவில்லை. படகு கரையில்தான் கிடக்கிறது.

சந்தோஷமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அதை ஏனடா எனக்கு எழுதுகிறாய்? நான் என்ன உன் பெண்டாட்டியா? இத்தனை மாதம் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, அவளிடம் "எப்ப வர்றே" என்று மட்டும் கேட்டிருக்கிறாய். தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும். எங்கேயோ கவிழ்ந்த லாரியைப் பார்க்க ராமேஸ்வரம் வரை போகிறாய்.

என்னையும் அவள் ஒன்று கேட்டாள். நான் புறப்படும்போது, வாசலில். போன கடிதத்தில் அதை எழுதவில்லை, இதிலும் எழுத மாட்டேன். ரயிலில் வரும்போதெல்லாம் அதுதான் உள்ளே ஓடியது. நீ அங்கே போ. உன்னையும் கேட்பாள்.

தலையிடாதே என்றாய். சரி, இனி எழுத மாட்டேன். நீ போகிற வரைக்கும்.

நாகம்மாள்


நீடாமங்கலம்
27 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு உன்னிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. நீ சொன்னால் சொன்னதுதான். மாமாவும் யுவனும் நலமா? குரல் எப்படி இருக்கிறது? முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய்.

பொங்கல் கழிந்து வந்தேன். நேராக வீட்டுக்குப் போகத் தைரியம் இல்லை. அவள் வேலை செய்யும் பரிசோதனை நிலையத்தைக் கேட்டுக்கொண்டு போனேன். முன்னால் இருந்த பெண், "என்ன டெஸ்ட் சார்?" என்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல் சுகர் என்றேன். டோக்கன் கொடுத்தாள். வரிசையில் உட்கார்ந்தேன்.

என் முறை வந்தபோது பிரதீபா தலையை நிமிராமல், "சட்டக் கைய மடிச்சு விடுங்க" என்றாள். பிறகுதான் பார்த்தாள். டோக்கனை வாங்கி வைத்தாள். அப்புறம், "சாப்பிட்டாச்சா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப வெறும் வயித்துல எடுக்கலாம்" என்று கையைக் கட்டி ஊசியைக் குத்திவிட்டாள். கோபத்தில் குத்தவில்லை அக்கா, வலியே இல்லை. ஊசிக்குள் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே கேட்டேன்: "ஏன் வந்துட்டே?"

"இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா? அடுத்த ஆள் காத்திருக்காரு. கைய மடக்கிப் பிடிச்சுக்குங்க. மதியம் முடியும், வெளில உக்காருங்க."

உட்கார்ந்தேன். மதியம் இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போனோம். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். ராம்கி, நர்சுகள், காபி, எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்பது, எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். "நீங்க என்ன அர்த்தத்துல சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும்ங்க. அத நான் எப்பவோ விட்டுட்டேன். ஆனா அன்னிலேருந்து இன்னிக்கு வரைக்கும் அவளப் பத்தி ஒரு வார்த்தையும் நீங்க பேசல. அதத்தான் என்னால தாங்க முடியல" என்றாள்.

நான், "யாரப் பத்தி?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா, உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. உன்னைச் சொல்கிறாளோ, அவள் அம்மாவைச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த டிராக்டர் ஹாரன் அடித்தது. "நம்ம பொண்ண" என்றாள்.

அதற்குப் பிறகு என்னால் தஞ்சாவூர் திரும்பிப் போக முடியவில்லை. அவள் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. முன்னறையில் படுத்துக்கொள்கிறேன். காலையில் இங்கிருந்தே வேலைக்குப் போய்வருகிறேன். அத்தை சோறு போடுகிறார். பிரதீபா தேவைக்குப் பேசுகிறாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்றும் எழுத முடியாத கேஸ் மாதிரி இருக்கிறது.

பார், மறுபடியும் கேஸ் என்று எழுதிவிட்டேன். அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

உன் தம்பி
வெற்றி


நாகப்பட்டினம்
6 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

இங்கே மூவரும் நலம். உன் சுகர் என்ன ஆயிற்று? ரத்தம் கொடுத்தாய், ரிசல்ட் எழுதவில்லை.

"யாரப் பத்தி" என்று கேட்டாயா! உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர்கூட எழுந்து வெளியே போய்விட்டார். நான் உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். திட்ட முடியவில்லை. என்னிடம் வாசலில் அவள் கேட்டதும் அதையேதான். "ஒரு பொண்ணு பொறந்தா அண்ணி. யாருமே பொண்ணுன்னு சொல்லல. நீங்களும் ஆஸ்பத்திரில என் தலையத் தடவி, போனது போகட்டும்னுதானே சொன்னீங்க. என்னது போனது?" என்றாள். நான் ஆறுதல் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன் வெற்றி. கழித்துவிட்ட மீனைக் கருவாட்டுக்குத் தள்ளும்போதுகூட அது என்ன மீன் என்று பெயர் சொல்லித்தான் தள்ளுகிறோம்.

இப்போது ஊர்ப்பேச்சுக்கு வருகிறேன். நீ மாமியார் வீட்டில் இருப்பது இங்கே வரை வந்துவிட்டது. "உன் தம்பி வீட்டோட மாப்பிள்ளையாயிட்டானாமே, மதிப்பே போச்சே" என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி. "உன் வீட்டுலேருந்தா போச்சு? போகல இல்ல, பேசாம குடத்த வை" என்றேன். குரல் அவ்வளவுக்கு வந்துவிட்டது. ஏலத்துக்கு வராது. ஏலத்தை நம் தெருப் பையன் தமிழரசனிடம் விட்டுவிட்டேன். பேட்டரி மைக் வைத்துக்கொண்டு அவன் கத்துகிறான். நான் மீன் எடுத்துக் கீழ்வேளூரில் வாடிக்கை வீடுகளுக்குக் கொடுக்கிறேன். நீ சொன்னதால் விட்டேன் என்று நினைத்துவிடாதே. எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

அவளைப் பேசச் சொல்லி நச்சரிக்காதே. தேவைக்குப் பேசுகிறாள் என்றால் தேவை இருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே கிட.

அக்கா


நீடாமங்கலம்
19 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்குப் பிரதீபா எழுதுவது.

நாங்கள் சுகமாக இருக்கிறோம். அவருக்குச் சுகர் இல்லை, கொஞ்சம் கொழுப்புதான் அதிகம். அம்மா உங்களை ரொம்பக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வெயில் ஏறிவிட்டது, மீன் கூடையோடு அலையாதீர்கள். தொண்டைக்கு வெந்நீர் குடியுங்கள்.

நான் முதல்முறையாக உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் தம்பியைப் பற்றிப் புகார் சொல்ல நிறைய இருக்கிறது. ஈரத் துண்டை நாற்காலியில் போடுகிறார். அம்மாவின் பழைய கிரைண்டரைப் பார்த்து, "இது எத்தனை வருஷம் ஆச்சு?" என்று தேய்மானம் பார்க்கிறார். மன்னிப்புக் கேட்கிறேன் என்று தினமும் பஸ்ஸிலிருந்து போன் செய்து, சிக்னல் இல்லாமல் பாதியில் விட்டுவிடுகிறார். எனக்கு வருகிற எரிச்சலை யாரிடம் சொல்வது?

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. அதை உங்களுக்குத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எதிர்வீட்டுக்குத் தியாகராசன் என்று ஒருவர் புதிதாகக் குடிவந்திருக்கிறார். இவர் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வந்து ஊர், வேலை எல்லாம் கேட்டார். நான் ஜன்னலுக்கு உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "பசங்க எத்தன பேரு தம்பி?" என்றார்.

எப்போதும் யார் கேட்டாலும் இவர் இல்லை என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஒரு பொண்ணு சார்" என்றார். "போன மார்ச்ல பொறந்தா. ஒரு நாள் இருந்தா."

தியாகராசன் பாவம், தடுமாறிப் போய், "அடடா, போனது போகட்டும் தம்பி. சின்ன வயசுதானே" என்றார்.

"இல்ல சார், போகட்டும்னு விட முடியல" என்று சொல்லிவிட்டு இவர் மறுபடியும் வண்டியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

வந்த நாளிலிருந்து இவருக்கு அம்மாதான் முன்னறையில் சோறு வைப்பாள். அன்று நான் கூப்பிட்டேன். என் தட்டுக்குப் பக்கத்தில் இவர் தட்டை வைத்தேன். பாதிச் சாப்பாட்டில், "நாம அவளுக்குப் பேரே வைக்கலியே?" என்றார்.

"ஒரு வருஷம் கழிச்சுக் கேக்குறீங்க" என்றேன். கோபம்தான் வந்தது அண்ணி, நிஜமாகவே கோபம். அப்புறம் சொன்னேன். வயிற்றில் இருந்தபோதே நான் வைத்திருந்த பேர். நிறைமதி. இத்தனை நாள் யாரும் கேட்காததால் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை முடியவில்லை. தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, கொல்லைக் குழாயடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் போய்ப் பார்த்தால், காலையில் மோட்டார் போட்டு நிரப்பின தொட்டி முழுக்கக் காலி. பாத்திரம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. இந்த மனுஷனை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்
பிரதீபா